படம் அர்த்தத்தை முதலில் தரும், சொல் பெயரை முதலில் தரும்

நாற்காலி, கத்தரிக்கோல், யானை, குடை என்று இருபது பொருள்களின் கோட்டுப்படங்கள் ஒரு தாளில் இருக்கின்றன. இன்னொரு தாளில் அதே இருபது பொருள்களின் பெயர்கள் எழுத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒருவரிடம் கொடுத்து, கடகடவென்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் எந்தத் தாள் சீக்கிரம் முடியும்? எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் படம் புரியும், ஆகவே படத்தாள்தான் முந்தும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். எழுத்துத் தாளை மூச்சுவிடாமல் முடித்துவிடுவார். படத்தாளில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னத் தயக்கம் வரும். ஜேம்ஸ் மக்கீன் கட்டெல் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளந்து 1886-இலேயே எழுதிவைத்தார்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பெயர் சொல்ல வேண்டாம். "இது விலங்கா?", "இது வீட்டுச் சாமானா?" என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். மேரி பாட்டரும் பார்பரா ஃபால்கனரும் 1975-இல் இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். பெயர் சொல்வதில் பின்தங்கிய படம், வகை சொல்வதில் சொல்லைவிடச் சற்று முந்திக்கொண்டது.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகிறது. படத்தைக் கண்டதும் அது என்ன, எதற்கு உதவும், எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற அறிவு நேராக எழுந்துவிடுகிறது. அந்த அறிவிலிருந்து பெயரைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர இன்னொரு படி தேவை. தெரிந்தவரின் முகம் கண்முன் இருக்கிறது, எங்கே பழகினோம் என்பதும் நினைவிருக்கிறது, பெயர் மட்டும் நுனி நாக்கில் நின்றுகொண்டு வர மறுக்கிறது அல்லவா? அந்தச் சங்கடம் இந்தப் படியில் நடப்பதுதான்.

சொல்லின் பாதை வேறு. எழுத்து ஒலியோடு கட்டப்பட்டது. "தும்பரிகை" என்று நான் இப்போது இட்டுக்கட்டி எழுதினால், அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லாவிட்டாலும் உங்களால் தடையின்றிப் படிக்க முடிகிறது. அர்த்தம் இல்லாமலே ஒலி கிடைத்துவிட்டது. ஒரு படத்தைப் பார்த்து, அது என்னவென்றே தெரியாமல் அதன் பெயரை மட்டும் சொல்வதோ நடக்காத காரியம். நன்றாகப் படிக்கப் பழகியவருக்குச் சொல்லின் அர்த்தமும் உடனே வந்துவிடும் என்பது உண்மைதான். இங்கே பேசுவதெல்லாம் நொடியின் சிறு பங்குகள். ஆனாலும் படமும் சொல்லும் நினைவில் நிற்கும் விதம், நம்மைத் தவறாக வழிநடத்தும் விதம், எதற்கு எது உதவும் என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் வேர் இந்தச் சிறு வித்தியாசத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரே பார்வையில் கிடைப்பது

படத்தின் சாரம் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது? 1996-இல் பிரான்சின் துலூஸ் நகரில் சைமன் தோர்ப்பும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் பார்த்திராத இயற்கைக் காட்சிகளின் புகைப்படங்களை 20 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் காட்டினார்கள். படத்தில் விலங்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியான பதில் வந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால், விலங்கு இருந்த படத்துக்கும் இல்லாத படத்துக்குமான வேறுபாடு படம் தோன்றி 150 மில்லிநொடியிலேயே தெரியத் தொடங்கியிருந்தது. மேலே சொன்ன மேரி பாட்டர் பிற்காலத்தில், 2014-இல், இன்னும் குறுக்கிப் பார்த்தார். அடுத்தடுத்து ஓடும் படங்கள் ஒவ்வொன்றும் 13 மில்லிநொடி மட்டுமே நின்றபோதும், சொல்லிவைத்த காட்சி அவற்றில் இருந்ததா என்பதை மக்கள் குருட்டு ஊகத்தைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் படத்தை நாம் ஒரே விழுங்காக விழுங்கிவிடுகிறோம்" என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அது பாதி உண்மை. அந்த நொடிப்பொழுதில் கிடைப்பது சாரம் மட்டும்: இது கடற்கரை, இது சமையலறை, இங்கே ஏதோ ஒரு நாய். விவரங்கள் கிடைக்க நேரம் பிடிக்கும். காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. விழித்திரையின் நடுவே ஃபோவியா என்ற ஒரு சிறு குழிதான் கூர்மையாகப் பார்க்கக்கூடியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த விரலின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு பரப்பைத்தான் அது ஒரு நேரத்தில் துல்லியமாகக் காண்கிறது. மற்றதெல்லாம் மங்கல். ஆகவே கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி நின்று பார்க்கிறது.

எங்கே தாவுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இதை அழகாகக் காட்டினார். ரஷ்ய ஓவியர் ரெப்பின் வரைந்த ஓர் ஓவியம். வெகுநாள் கழித்து ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார், உள்ளே இருப்பவர்கள் திகைத்துத் திரும்புகிறார்கள். அதை ஒருவருக்குக் காட்டி, வெவ்வேறு கேள்விகள் கேட்டு, கண் போகும் தடத்தைப் பதிவு செய்தார். "இவர்களின் வயது என்ன?" என்றால் கண் முகங்களை வட்டமிட்டது. "இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி?" என்றால் மேசை நாற்காலிக்கும் துணிமணிக்கும் போனது. ஓவியம் ஒன்றுதான், பார்க்கும் கேள்விதான் வேறு.

படிக்கும்போதும் கண் இதேபோல் தாவுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய கால் நொடி நின்று, அடுத்த சொல்லுக்குத் தாவி, புரியாதபோது பின்னால் போய்த் திரும்புகிறது. ஆனால் வரிசை எழுதியவருடையது. முதலில் எது, பிறகு எது என்பதை எழுத்து தீர்மானிக்கிறது. படத்தில் பார்ப்பவர் தீர்மானிக்கிறார். எழுதுகிறவர் ஒரு தகவலைக் கடைசி வரி வரைக்கும் மறைத்துவைக்க முடிவது இதனால்தான். ஓவியத்தின் ஒரு மூலையில் நிற்கும் ஆளைப் பார்ப்பவர் முதல் பார்வையிலேயே கண்டுவிடலாம், காணாமலே போய்விடவும் செய்யலாம்.

காணாமல் போவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஒரு புகைப்படம், அதே புகைப்படத்தில் ஒரு பெரிய பொருளை மட்டும் அழித்த இன்னொரு பிரதி. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி நடுவே கணநேரம் வெற்றுத் திரை காட்டினால், எது மாறுகிறது என்று கண்டுபிடிக்கப் பலருக்கு ரொம்ப நேரம் ஆகிறது. ரொனால்ட் ரென்சிங்க்கும் அவருடைய சகாக்களும் 1997-இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மாற்றத்தைக் கண்டுபிடித்தபின், இவ்வளவு பெரியதை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று எவருக்கும் வியப்பு வரும். முழுப் படத்தையும் பார்த்துவிட்டோம் என்ற உணர்வு முதல் பார்வையிலேயே வந்துவிடுகிறது. உண்மையில் பார்த்து முடிப்பது அப்புறம்தான், அதுவும் கவனம் போன இடங்களை மட்டும்.

படிக்கப் பழகிய மூளை

பார்வைக்கு வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். எழுத்துக்கு வயது ஐயாயிரம் ஆண்டு சொச்சம். எழுத்தைப் படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒரு பகுதி உருவாகியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் படித்தவர்களின் மூளையில் அப்படியொரு பகுதி இருக்கிறது!

1892-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜெரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். நன்கு படித்த மனிதர். ஒருநாள் திடீரென்று அவரால் படிக்க முடியாமல் போயிற்று. பேச்சு சரியாக இருந்தது. பொருள்களையும் மனிதர்களையும் பார்த்து அடையாளம் கண்டார். எழுதவும் முடிந்தது. தான் எழுதியதையே சற்று நேரம் கழித்துக் காட்டினால் மட்டும் படிக்க முடியவில்லை. மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் ஏற்பட்ட சேதம் படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுபோயிருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டானிஸ்லாஸ் தெஹேன், லோரான் கோஹென் போன்றவர்கள் மூளைப்படக் கருவிகளைக் கொண்டு அந்தப் பகுதியை ஆராய்ந்தார்கள். எந்த மொழியின் எழுத்தானாலும், படிப்பவர்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ அதே இடம்தான் வேலை செய்கிறது.

தெஹேன் தரும் விளக்கம் இது: பொருள்களையும் முகங்களையும் இனங்காண்பதற்கென இருந்த பார்வைப் பகுதியின் ஒரு துண்டை, படிக்கப் பழகும் மூளை எழுத்துக்காக மறுபயன்பாடு செய்துகொள்கிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிவில்லாத பெரியவர்கள், வளர்ந்தபின் படிக்கக் கற்றவர்கள், சிறுவயதிலேயே பள்ளி சென்றவர்கள் ஆகிய மூன்று தரப்பினரை ஒப்பிட்டு அவருடைய குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. வளர்ந்தபின் படிக்கக் கற்றவர்களிடமும் அந்தப் பகுதி எழுத்துக்குப் பழகியிருந்தது. எந்த வயதில் படிக்கத் தொடங்கினாலும் மூளை இடம் கொடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் படத்தைப் பார்க்கும் பழக்கமும் எழுத்தைப் பார்க்கும் பழக்கமும் ஒரு விஷயத்தில் மோதுகின்றன. நாற்காலியைத் தடித்த கோட்டில் வரையுங்கள், மெல்லிய கோட்டில் வரையுங்கள், ஒரு காலை விட்டுவிடுங்கள், நாற்காலிதான். பூனை இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் அதே பூனைதான். பொருள்களை அறியும் கண் இந்த மாற்றங்களைப் பொருட்படுத்தக் கூடாது என்று பழகியது. எழுத்திலோ ஒரு சிறு குறி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. "கல்" நடுவே ஒரு துணைக்கால் வந்தால் "கால்". "எரி" என்பதில் ஒரு சிறு கோடு சேர்ந்தால் "ஏரி". எழுதத் தொடங்கும் குழந்தைகள் எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதுவது இதனால்தான். அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. இத்தனை நாளும் சரியாக இருந்த ஒரு விதியை அந்தக் குழந்தை இப்போது எழுத்துக்கு மட்டும் கைவிடக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை நன்றாகப் படிக்கப் பழகிவிட்டால் பிறகு படிக்காமல் இருக்கவே முடியாது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் செய்த சோதனை புகழ்பெற்றது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். வேண்டாம் என்றாலும் சொல் தானாக உள்ளே புகுந்துவிடுகிறது. படத்துக்கும் சொல்லுக்கும் இடையிலும் இதே கதைதான். குதிரைப் படத்தின் மேல் "மாடு" என்று எழுதி, படத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் தாமதமாகிறது. சொல்லைப் படிக்கச் சொன்னால், கீழே இருக்கும் குதிரை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. முதலில் பார்த்த பாதைகளை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும்: பெயர் கேட்கும் போட்டியில் எழுத்துக்குக் குறுக்குவழி இருக்கிறது.

நினைவில் எது தங்குகிறது

1967-இல் ரோஜர் ஷெப்பர்ட் சிலருக்கு அறுநூறுக்கு மேற்பட்ட படங்களைக் காட்டினார். பிறகு பழைய படம் ஒன்றும் புதிய படம் ஒன்றுமாக இணைத்துக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்டார். சுமார் 98 விழுக்காடு சரியாக இருந்தது. சொற்களையும் வாக்கியங்களையும் வைத்து இதேபோல் செய்தபோது 90 விழுக்காட்டை ஒட்டி நின்றது. 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் 10,000 படங்கள் வரை போனார். அவ்வளவு பார்த்த பிறகும் பழையதையும் புதியதையும் பிரித்தறிவதில் மக்கள் 80 விழுக்காட்டைத் தாண்டினார்கள். 2008-இல் டிமதி பிரேடியும் சகாக்களும் 2,500 பொருள்களின் படங்களை ஒவ்வொன்றும் மூன்று நொடி வீதம் காட்டிவிட்டு, கேள்வியைக் கடினமாக்கினார்கள். அதே வகைப் பொருளில் வேறொன்றைப் பக்கத்தில் வைத்து "இதில் எது?" என்றார்கள். அப்போதும் 88 விழுக்காடு சரியாக வந்தது.

ஏன் இப்படி? ஆலன் பைவியோ என்ற கனடிய உளவியலாளர் 1970-களில் முன்வைத்த இரட்டைக் குறியீட்டுக் கொள்கை இன்றும் பேசப்படுகிறது. மனத்தில் தகவல் இரண்டு வடிவங்களில் பதிகிறது, ஒன்று உருவமாக, இன்னொன்று மொழியாக என்கிறார் அவர். குடையின் படத்தைப் பார்த்தால் உருவமும் பதிகிறது, "குடை" என்ற பெயரும் பெரும்பாலும் கூடவே பதிகிறது. இரண்டு பதிவு இருப்பதால் ஒன்று அழிந்தாலும் மற்றது கைகொடுக்கும். சொல்லை மட்டும் படித்தால் உருவம் வரலாம், வராமலும் போகலாம். அதிலும் "குடை", "ஆலமரம்" போன்ற சொற்கள் மனக்கண்ணில் ஏதாவது எழுப்பும். "நியாயம்", "விகிதம்" போன்றவை எழுப்புவது அரிது. சோதனைகளில் முதல் வகைச் சொற்களே அதிகம் நினைவில் நிற்கின்றன. படங்கள் ஒன்றிலிருந்து ஒன்று தோற்றத்தில் வெகுவாக வேறுபடுவதும், சொற்களெல்லாம் ஒரே எழுத்துகளின் சேர்க்கையாக இருப்பதும் இன்னொரு காரணம் என்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் கருத்து.

உருவமும் மொழியும் உள்ளே தனித்தனியாகத்தான் ஓடுகின்றன என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். லீ புரூக்ஸ் 1968-இல் செய்த சோதனை இது. தடித்த ஆங்கில எஃப் எழுத்தைக் கண்ணெதிரே வைக்காமல் மனத்தில் மட்டும் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஓரமாக ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்து, ஒவ்வொரு மூலையும் எழுத்தின் உச்சியிலோ அடியிலோ இருந்தால் "ஆம்", நடுவில் இருந்தால் "இல்லை" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னால் சுலபம். தாளில் சிதறி எழுதிய "ஆம்", "இல்லை"களைத் தேடித் தேடி விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் திணறும். கண்ணுக்கும் மனக்கண்ணுக்கும் ஒரே வேலை விழுந்துவிட்டது, அதனால்தான். மாறாக, மனத்தில் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லும் பெயர்ச்சொல்லா என்று பதில் சொல்லுங்கள். இப்போது விரலால் காட்டுவது எளிது, வாயால் சொல்வதுதான் குழப்பும்.

படங்களின் நினைவாற்றலைக் கொண்டாடும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. பார்த்ததை மறுபடி கண்டால் அடையாளம் சொல்வது ஒன்று, விவரமாகத் தெரிந்திருப்பது வேறு. ரேமண்ட் நிக்கர்சன், மர்லின் ஆடம்ஸ் இருவரும் 1979-இல் அமெரிக்கர்களிடம் அவர்கள் தினமும் கையாளும் ஒரு சென்ட் நாணயத்தின் பல வடிவங்களைக் காட்டினார்கள். சரியானதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. ஆயிரம் முறை பார்த்தாலும், நாணயத்தை நாணயம் என்று அறிய எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது.

சொல் வந்து படத்தின் நினைவையே மாற்றுவதும் உண்டு. ஒரு சிறு கோட்டால் இணைந்த இரண்டு வட்டங்கள். 1932-இல் கார்மைக்கேல், ஹோகன், வால்டர் மூவரும் இதைச் சிலரிடம் "மூக்குக்கண்ணாடி" என்றும் வேறு சிலரிடம் "தம்பெல்ஸ்" (உடற்பயிற்சிக்குக் கையில் தூக்கும் எடை) என்றும் சொல்லிக் காட்டினார்கள். பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது பல படங்கள், கேட்ட பெயரின் பக்கம் சாய்ந்திருந்தன. இன்னும் கவலைப்பட வைப்பது 1990-இல் ஜோனதன் ஸ்கூலர் கண்டது. கொள்ளைக் காட்சி ஒன்றைப் பார்த்தவர்களில், கொள்ளையனின் முகத்தைச் சொற்களில் விவரித்தவர்கள், விவரிக்காதவர்களைவிட அந்த முகத்தை அடையாளம் காட்டுவதில் பின்தங்கினார்கள். 2014-இல் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுபடி செய்தபோதும் இந்த விளைவு தென்பட்டது. முகத்தில் நாம் அறிவது சொல்லுக்குள் அடங்காது. அடக்க முயன்றால், அடங்கிய பகுதி மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது.

படத்தால் சொல்ல முடியாதவை

"அறையில் நாய் இல்லை" என்பதைப் படமாக வரைய முடியுமா? நாய் இல்லாத அறையை வரையலாம். அதில் யானையும் இல்லை, சைக்கிளும் இல்லை. நாயின் இல்லாமையைத்தான் சொல்ல வந்தோம் என்பதைப் படம் தனியாகச் சொல்லாது. நாயை வரைந்து மேலே சிவப்புக் கோடு போடலாம். ஆனால் அந்தக் கோடு படமல்ல, "கூடாது" என்ற சொல்லின் வேலையைச் செய்யும் குறி. அதைக் கற்றவருக்கே அது புரியும். "மழை பெய்தால்", "நாளைக்கு", "எல்லோரும்", "ஒருவேளை" ஆகியவற்றுக்கும் இதே கதி. மறுப்பு, நிபந்தனை, காலம், பொதுமை எல்லாம் மொழியின் பிடியில் இருப்பவை.

பொதுமையைப் பற்றித் தத்துவத்தில் ஒரு பழைய வழக்கே உண்டு. முக்கோணம் என்ற பொதுக் கருத்து, சமபக்கமும் அல்லாத, செங்கோணமும் அல்லாத, ஆனால் எல்லாமும் ஆன ஒன்றாக மனத்தில் இருக்கிறது என்று ஜான் லாக் எழுதினார். அப்படியொரு முக்கோணத்தை எவர் மனத்தில் வரைய முடியும் என்று ஜார்ஜ் பார்க்லி 1710-இல் மறுத்தார். வரைவதைப் பற்றி மட்டும் பேசினால் பார்க்லி சொன்னது சரி. தாளில் வரையும் முக்கோணம் குறிப்பிட்ட கோணங்கள் கொண்ட குறிப்பிட்ட முக்கோணமாகத்தான் இருந்தாக வேண்டும். "முக்கோணம்" என்ற சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இது வெறும் தத்துவச் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. "மருத்துவர் வந்தார்" என்று எழுதினால் மருத்துவர் ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா, நிறம் என்ன, உடை என்ன என்பதெல்லாம் திறந்தே இருக்கிறது. அதையே வரைகிறவர் இவ்வளவையும் முடிவு செய்தே ஆக வேண்டும். அவர் யோசிக்காமல் எடுத்த முடிவு, பார்க்கும் குழந்தையின் மனத்தில் மருத்துவர் என்றால் இப்படித்தான் என்று பதிந்துவிடுகிறது. பாடநூலுக்குப் படம் போடுபவர்களின் பொறுப்பு, எழுதுபவர்களின் பொறுப்புக்கு ஒரு துளியும் குறைந்ததல்ல.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இடம், வடிவம், பல பொருள்களுக்கு இடையிலான உறவு என்று வந்துவிட்டால் சொல் திண்டாடிவிடும். ஜில் லார்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987-இல் கப்பி, கயிறு கொண்ட கணக்குகளை எடுத்துக்கொண்டு இதை அலசினார்கள். வாக்கியங்களிலும் வரைபடத்திலும் இருக்கும் தகவல் ஒன்றேயானாலும் செலவாகும் உழைப்பு ஒன்றல்ல. வாக்கியங்களில் தொடர்புள்ளவை வெவ்வேறு வரிகளில் சிதறிக் கிடக்கும், தேடித் தொடுக்க வேண்டும். வரைபடத்தில் சேர்ந்து வேலை செய்பவை பக்கத்திலேயே இருக்கும். எண்களுக்கும் இது பொருந்தும். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கூம் 1973-இல் பதினொரு புள்ளிகள் வீதம் நான்கு தரவுத் தொகுப்புகளை அமைத்தார். சராசரியும் பரவலும், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்பதைக் காட்டும் தொடர்புக் கெழுவும் நான்குக்கும் ஏறக்குறைய ஒன்றே. கட்டத்தாளில் குறித்துப் பார்த்தால் ஒன்று சாய்ந்த கோட்டை ஒட்டிச் சிதறியது, ஒன்று வளைகோடு, ஒன்று ஒரே ஒரு புள்ளியால் திசைமாறிய நேர்கோடு, ஒன்று செங்குத்தான வரிசையும் தனித்து நிற்கும் ஒரு புள்ளியும். எண்களை மட்டும் படித்தவர் நான்கும் ஒன்றென்றே நம்பியிருப்பார்.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

"மூளை படத்தைச் சொல்லைவிட 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்கிறது" என்ற வாசகம் விளம்பரங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. எதைப் புரிந்துகொள்வதில் வேகம் என்று கேட்டாலே வாசகம் உதிர்ந்துவிடும்.

இன்னொன்று, சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவரவர் பாணியில் கற்பித்தால்தான் படிப்பு ஏறும் என்பது. ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்து 2008-இல் வெளியிட்ட மதிப்பீடு, இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. எனக்குப் பிடித்த முறை என்பது இருக்கலாம். ஆனால் நாட்டின் எல்லை எவருக்கும் வரைபடத்தில்தான் நன்றாகப் புரியும், சட்டத்தின் நிபந்தனை எவருக்கும் வாக்கியத்தில்தான் புரியும். முறையைத் தீர்மானிப்பது பாடம்.

ஆட்களுக்கு இடையே வேறுபாடே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஃபிரான்சிஸ் கால்டன் 1880-இல், காலை உணவு மேசையை மனத்தில் கொண்டுவந்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பலரிடம் கேட்டார். சிலர் நேரில் பார்ப்பதுபோல் என்றார்கள். சிலர், மனக்கண் என்பதே சும்மா சொல்வழக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்! இப்படி மனத்தில் உருவமே எழாத நிலைக்கு 2015-இல் ஆடம் ஜீமன் அஃபேன்டேசியா என்று பெயரிட்டார். இவர்கள் படங்களை எல்லோரையும் போலவே பார்த்து அறிகிறார்கள், கதை படிக்கிறார்கள், அவர்களில் ஓவியர்களும் இருக்கிறார்கள். உருவம் மனத்தில் தோன்றாமலே உருவத்தைப் பற்றிய அறிவு இருக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது

ஒரு விளக்கக் குறிப்போ பாடமோ செய்பவருக்கு இதெல்லாம் எப்படி உதவும்? ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் சொன்னபடி, கையிலிருக்கும் தகவலைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் செயல் நினைவில் ஒலிக்கு ஓர் இடமும் உருவத்துக்கு ஓர் இடமும் தனித்தனியே உள்ளன. இரண்டும் சிறியவை. இந்த அடிப்படையில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் பல சோதனைகள் செய்தார். அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிந்தவை சில. ஓடும் அசைவூட்டத்துக்கு விளக்கத்தைக் காதுக்குத் தந்தால் நன்றாகப் புரிகிறது. அதையே திரையில் எழுத்தாகப் போட்டால் கண் இரண்டுக்கும் இடையே அல்லாடுகிறது. படத்தின் பகுதிப் பெயர்களை அந்தந்தப் பகுதியை ஒட்டியே எழுத வேண்டும். அ, ஆ, இ என்று குறித்துவிட்டு விளக்கத்தை அடுத்த பக்கத்தில் போட்டால் படிப்பவரின் நினைவு பயணத்திலேயே செலவாகிவிடும். திரையில் இருக்கும் வரிகளை அப்படியே வாய்விட்டுப் படிப்பதும் உதவாது. கேட்பவர் பேச்சைவிட வேகமாகப் படித்துவிட்டு, பிறகு குரலோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படத்துக்கு அடியில் எழுதும் ஒற்றை வரிக்கு நான் தனி இடம் கொடுப்பேன். பார்ப்பவரின் கண் எங்கே போக வேண்டும் என்பதை யார்பஸின் கேள்வியைப் போல அந்த வரிதான் முடிவு செய்கிறது. இரண்டு வட்டங்களை மூக்குக்கண்ணாடி ஆக்கும் சக்தியும் அதற்கு உண்டு. "வரைபடம் 3: வெப்பநிலை" என்று எழுதுவது வீண். "நள்ளிரவுக்குப் பிறகு வெப்பநிலை இறங்குவது நிற்கிறது, வலது ஓரத்தைப் பாருங்கள்" என்பது வேலை செய்யும் வரி. செய்திப் புகைப்படத்துக்கு எழுதும்போதோ இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் படத்தில் இல்லாத காரணத்தையும் நோக்கத்தையும் படிப்பவர் படத்திலேயே பார்த்ததாகப் பிறகு நம்புவார்.

செய்து முடித்ததைச் சோதிக்க ஒரு எளிய வழி: எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஒருவரிடம் காட்டி, என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு இன்னொருவரிடம் படத்தை மறைத்து எழுத்தை மட்டும் கொடுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் படமோ எழுத்தோ ஒன்று அங்கே தேவையில்லாமல் இருக்கிறது. இருவரும் முரணாகச் சொன்னால் எழுத்தை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். பல நாள் கழித்தும் நினைவில் நிற்கப்போவது பெரும்பாலும் படம்தான். ஆகவே முதலில் அதை மாற்றுங்கள்.